சிவப்புச் சட்டியும் சிவப்பு ஒயினும்

ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் சட்டியில் கை வைக்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாது.

நான் எங்கே இருக்கிறேன் என்பது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ பதில் சொல்லியாக வேண்டும், அதனால் உறையின் பின்னால் விலாசம் இருக்கிறது. ஒரு தையல்கடைக்கு மேலே உள்ள அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒற்றை அடுப்பு, வாடகையோடு சேர்த்துக் கொடுத்த பழைய பிரிட்ஜ். கீழே மெஷின் ஓடும்போது தரை லேசாக நடுங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பக்கத்தில் யாரோ ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று தெரிகிறதே.

சனிக்கிழமை நடந்ததை நான் எழுதியே ஆகவேண்டும். நீ இதற்குள் எல்லோரிடமும் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாய். அக்காவுக்கு வயதாகிவிட்டது, கோபம் வருகிறது, அப்படித்தானே?

ஒயின் வியாபாரி வந்தார். இனி நம் ஹோட்டலில் தன் ஒயின்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பேச வந்தவர். அவருக்கு நம் சிவப்புச் சட்டியைப் போடு என்று நீதான் சொன்னாய். நான் எப்போதும் போலச் சமைத்தேன். கறி, காய்ந்த மிளகாய், பூண்டு, எலும்புச் சாறு, ஒரு காலைப்பொழுது முழுக்கச் சிறு தீ. மேலங்கி மாற்றப் போய்த் திரும்பி வருவதற்குள் நீ அதில் க்ரீமை ஊற்றிவிட்டாய். ஒரு கிண்ணம் இல்லை, ஒரு பாத்திரம். கூடத்தில் மூடியைத் திறந்தபோது சட்டி சிவப்பாக இல்லை, குழந்தைக்கு ஊட்டுகிற கூழ் மாதிரி இருந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு போய் சிங்க்கில் கொட்டினேன். வியாபாரி கிளாஸை ஏந்தியபடி அப்படியே நின்றார். நீ என் பின்னாலேயே ஓடிவந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, ஒயினுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் இறக்கினேன், அவ்ளோதான்."

ஒயினுக்காகச் சாப்பாட்டை இறக்குகிறவன் சாப்பாட்டுக் கடை ஏன் வைக்க வேண்டும்? நேராக ஒயின் கடை வைத்துவிட்டுப் போகலாமே.

எனக்கு ஒயினை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கடை ஆரம்பித்த காலத்தில் சாப்பிட வருகிறவர்கள் தாங்களே பாட்டில் கொண்டுவருவார்கள். கிளாஸ் கழுவும்போது அடியில் மிச்சம் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அசிங்கம் என்று நீ அப்போதே முகத்தைச் சுளித்தாய். அப்படி அசிங்கமாகக் கற்றதை வைத்துத்தான் இத்தனை வருஷம் நம் மேஜைக்கு ஒயின் வந்தது. புதுப் பாட்டில் எது வந்தாலும் சிவப்புச் சட்டியில் ஒரு கரண்டி, உடனே ஒயினில் ஒரு மடக்கு. காரத்துக்கு நடுவில் எந்த ஒயின் எழுந்து நிற்கிறதோ அதற்குத்தான் இடம். கெட்டியான, கறுத்த, துவர்ப்பான ஒயின்கள்தான் நின்றன. சாப்பிட்டவர்கள் பாராட்டாமல் போனதில்லை. வாடிக்கையாக வருகிற பல் டாக்டர் உன் காதுபடச் சொல்லவில்லையா, உங்க அக்கா மாதிரி ஒயின் எடுக்க ஆள் கிடையாது என்று?

இனி நான் வரமாட்டேன். வாசல் பலகையில் இருந்து சிவப்புச் சட்டி என்ற பெயரை அழித்துவிடு. நீ செய்கிற கூழுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நீ கொட்டியதில் சிங்க் அடைத்துக்கொண்டது. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் கீழே படுத்து மூடியைக் கழற்றியதும் தும்ம ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. க்ரீம் ஊற்றியும் இந்த நிலைமை என்பதைக் கவனித்துக்கொள். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, இதையா சார் மனுஷங்களுக்குப் போடறீங்க என்றார்.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அந்த வியாபாரியின் ஒயின் எல்லாம் மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தது. துவர்ப்பும் அதிகம், போதையும் அதிகம். காரம் பட்ட வாயில் அதை ஊற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரி. யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உனக்கு மட்டும் இருக்காது. ஏன் என்று நான் சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீயே பேனாவை எடுத்துவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, உன் நாக்கு செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆகிறது. காலையில் இருந்து மிளகாயை வறுக்கிறாய், அரைக்கிறாய், பத்து தடவை ருசி பார்க்கிறாய். அதே வாயோடு ஒயினை எடுக்கிறாய். அந்த வாய்க்கு எந்த ஒயினும் பழச்சாறுதான். அதில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

பலகையில் இருந்து பெயரை எடுக்க முடியாது. உன் உதவியாள் மீசைதான் இப்போதைக்குச் சமைக்கிறான். நீ பக்கத்தில் நின்று முறைக்காததால் கை ஓடவில்லையாம்.

கோபம் ஆறியதும் வா. உன் கரண்டிகளை யாரையும் தொட விடவில்லை.

தம்பி

---

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நாக்கு செத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்று நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மறுநாள் பற்றவைத்தேன். உன்னைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான்.

கீழே இருக்கிற தையல்காரம்மாதான் வீட்டுக்காரியும். என்னைவிடச் சின்னவள், வாய் பெரியது. ஒயினை அவள் வாழ்க்கையில் தொட்டதில்லை. ஒரு சாப்பாட்டுப் பரீட்சைக்கு வா என்று கூப்பிட்டேன். சும்மா கிடைக்கிற சாப்பாட்டுக்கு யாராவது மாட்டேன் என்பார்களா, கழுத்தில் அளவு நாடாவோடு ஏறி வந்தாள்.

சிவப்புச் சட்டியை நம் கடையில் செய்கிற அதே காரத்தில் செய்து வைத்திருந்தேன். முதலில் உன் வியாபாரியின் ஒயின். கடையில் தேடி அதே பாட்டிலை வாங்கினேன். ஒரு கரண்டி கறி சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது, உறைக்கிறது என்றாள். ஒரு மடக்கு ஒயின் குடித்தாள். அவ்வளவுதான், எழுந்து குழாயடிக்கு ஓடி வாயைத் திறந்து தண்ணீருக்கடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வையில் வாடகையை ஏற்றிவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவளைச் சமாதானப்படுத்தி மறுபடி உட்காரவைத்தேன். இந்தத் தடவை லேசான சிவப்பு ஒயின். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிற நிறம். துவர்ப்பு பேருக்குத்தான், பழ வாசனை தூக்கல். ஓடவில்லை. இருந்தாலும் முகத்தைச் சுளித்தாள். மிச்சத்தை பிரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக்கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது, எனக்கும் தெரியும். சாயங்காலம் அவளே மேலே வந்து, அந்தக் கறி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தக் குளிர்ந்த ஒயினை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். அப்புறம் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல இது கத்துச்சு. இப்ப பேசுது."

உன் வியாபாரி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

ஆகவே கேள். லேசான, துவர்ப்புக் குறைந்த, பழ வாசனை உள்ள சிவப்பு. பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் குளிரில் வைக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்தது. இதனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. தோற்றது ஒயின்தான், என் சட்டி தோற்கவில்லை. எனக்கு இரண்டு ஒயினும் ஒரே மாதிரிதான் இருந்தன என்பது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

என் பேச்சு இதுதான். இந்த ஒயினைக் குளிரவைத்து என் சட்டியோடு கொடுக்க நீ ஒத்துக்கொண்டால் திரும்பி வருகிறேன். க்ரீம் பாத்திரம் சமையலறைக்குள் வரக்கூடாது.

அக்கா

---

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மீசைக்குப் படித்துக் காட்டினேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டான். சிரிக்கத்தான் போனான் என்று நினைக்கிறேன்.

நீ கண்டுபிடித்ததாகச் சொல்கிறாயே, அதைத்தான் ஆறு வருஷமாக உன் சட்டிக்கு நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

வெறும் மண்குடுவையில் ஊற்றி மேஜைக்கு அனுப்புவேனே, அது ஏன் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? அழகுக்கு என்று நினைத்தாய். பாட்டிலில் கொண்டுபோனால் லேபிள் உன் கண்ணில் படும். நீ தேர்ந்தெடுத்த கறுத்த ஒயினை வாட்டிய கறி கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். அவர்கள் சந்தோஷமாகக் குடிப்பார்கள். உன் சட்டி கேட்டவர்களுக்கு மீன் ஐஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்த லேசான ஒயின். அதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை கடை, எத்தனை பாட்டில் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. உன் பல் டாக்டரே அதற்கு முந்தின வருஷம் பாதித் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அவர் பாராட்டியது மண்குடுவையை. நீ கதவோரம் நின்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாய், நானும் பேசாமல் இருந்தேன்.

இதை மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் சிங்க்கில் பார்த்தோமே. நீ ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு நன்றாகச் சமைத்தாய், வந்தவர்கள் எரியாத வாயோடு வீட்டுக்குப் போனார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தம்பி

---

ஏப்ரல் 29

ஆறு வருஷம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாய். அரைத்துவிட்டு நஷ்டம் யாருக்கு என்று வேறு கேட்கிறாய்.

இரண்டு நாள் யோசித்தேன். அழுதேனா என்று கேட்காதே. யோசித்ததில் ஒன்று புரிந்தது. அதை மட்டும் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல்.

என் சட்டிக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று உனக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். குடுவை கையில் இருந்தது, ஒயின் ஐஸில் இருந்தது. அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை வியாபாரி முன்னால் ஏன் குடுவையை எடுக்காமல் க்ரீமை எடுத்தாய்?

தெரியாமல் செய்திருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன். தெரிந்தேதான் என் சட்டியைக் குனிய வைத்திருக்கிறாய்.

அக்கா

---

மே 7

அக்காவுக்கு,

நாலு தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. இதை எப்படியாவது முடித்துவிடுகிறேன்.

வியாபாரியிடம் லேசான ஒயின் கிடையாது. எல்லாமே கறுப்புதான். அவர் ஒப்பந்தம் போட்டால் வேறு யாருடைய பாட்டிலும் கடைக்குள் இருக்கக்கூடாது. குடுவையை எடுத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் அவர் வேண்டும் என்று கேட்பாய். குளிர்காலத்தில் பெரிய சட்டியை இறக்கும்போது உன் மணிக்கட்டு பிசகியது நினைவிருக்கிறதா? நீ வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுநாளே அடுப்படிக்கு வந்துவிட்டாய். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. உன் கையால் மட்டும் வருகிற ஒரு சமையல், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ஒயின். இந்த இரண்டையும் நம்பி ஒரு கடை நிற்கிறது. நீயும் கிழவி, நானும் கிழவன். யார் சமைத்தாலும் வருகிற மாதிரி ஒரு கறி, யார் ஊற்றினாலும் பொருந்துகிற மாதிரி ஒரு ஒயின் இருந்தால் மீசை நாளைக்குக் கடையை நடத்திவிடுவான். க்ரீம் ஊற்றினால் அவனுக்கும் அந்தக் கறி வருகிறது, அக்கா. ஒருதரமும் கெட்டுப்போகவில்லை.

நீ இல்லாத ஒரு நாளைக்கு நான் ஒத்திகை பார்த்தேன். அவ்வளவுதான். நீ பார்த்துவிட்டாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புது மெனு. நீ வந்தால் உன் அடுப்பு உனக்குத்தான். ஆனால் கறி புதுக் கறியாகத்தான் இருக்கும்.

தம்பி

---

மே 12

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். சாவுக்கு ஒத்திகை பார்க்கிறவன் சாகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், நான் இருக்கும்வரை இந்தச் சட்டி இருக்கட்டும், நான் போனதும் அதையும் தூக்கிப் போடு என்று சொல்லியிருப்பேன். எல்லாச் சாப்பாடும் எல்லோருக்குப் பின்னாலும் நிற்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்ததால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மணிக்கட்டு பிசகினால் சின்னச் சட்டியாக வைத்துக்கொள்வேன்.

அதைத்தான் செய்யப்போகிறேன், கீழே தையல்கடையிலேயே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தையல்காரம்மா சாயங்காலம் மெஷின்களை மூடிவிடுவாள். துணி வெட்டுகிற மேஜை நீளமானது, எட்டு நாற்காலி பிடிக்கும். அனுமதிச் சீட்டுக்கு அவளே அலைந்து வாங்கி வந்துவிட்டாள். அந்த அலுவலகத்தில் இருந்தவன் இந்த வயதில் எதற்கம்மா என்று கேட்டானாம். உன் வயசுக்கு எங்க சாப்பாடு தாங்காது, கையெழுத்தைப் போடு என்றாளாம். ருசி பார்ப்பது அவள் வேலை. கறியை நான் செய்கிறேன், ஒயினுக்கு அவள் நாக்கு. என் நாக்கைப் பற்றி நீ எழுதியதற்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதிக் கேட்டு உபத்திரவம் செய்யாதே.

உன் கடையில் எனக்கு இனி ஒன்றும் வேண்டாம். பெயர்ப்பலகை, அடுப்பு, நாற்காலி எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். சிவப்புச் சட்டி என்ற பெயரை மட்டும் அழி. அது என்னோடு வருகிறது.

இன்னொன்று. குடுவையில் என்ன ஒயின் ஊற்றினாய்? தையல்காரம்மா ஊரில் இருக்கிற கடை எல்லாம் ஏறி இறங்கி லேசான சிவப்பாகக் கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். ஒன்று தண்ணீர், இன்னொன்று இருமல் மருந்து, மற்றது குளிர்ந்ததும் செத்துவிடுகிறது. அன்று அவளுக்குப் பிடித்த ஒயின் இப்போது கிடைக்கவில்லை. நீ தேடிப் பிடித்து ஆறு வருஷம் ஊற்றியது எது என்று எழுது. கெஞ்சுவதாக நினைக்காதே. ஒரு கேள்விதான் கேட்கிறேன்.

அக்கா

---

மே 23

அக்காவுக்கு,

நானே ஏணி போட்டு ஏறிப் பெயரை அழித்தேன். முழுக்கப் போகவில்லை. வெயில் படாமல் இருந்த இடம் தனியாகத் தெரிகிறது. அதற்குமேல் சுரண்டினால் பலகை போய்விடும் என்று மீசை ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

ஒயினின் பெயரை எழுதப் போவதில்லை. பெட்டியோடு அனுப்புகிறேன். ஒப்பந்தப்படி மாதக் கடைசிக்குள் மற்றவர்களின் பாட்டில்களை நான் வெளியேற்றியாக வேண்டும். இருப்பதெல்லாம் காய்கறி வேனில் வருகிறது. லேபிளைக் கிழிக்கவில்லை. இது தீர்ந்ததும் எங்கே வாங்குவது என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். அரைமணி நேரம் குளிர் போதாது, முக்கால்மணி நேரம் வை. இதையாவது நான் சொன்னேன் என்பதற்காக மறுக்காதே.

புதுக் கறியை ஒத்திகைக்காகப் பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் போனது. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்றும் யாரும் கேட்கவில்லை. பல் டாக்டர், அக்கா எங்கே என்றார். உன் தெருவின் பெயரைச் சொன்னேன். வியாபாரிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். படட்டும்.

நான் ஒருநாள் சாப்பிட வரலாமா?

தம்பி

---

ஜூன் 8

தம்பிக்கு,

பெட்டிகள் வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. நன்றி சொல்ல மாட்டேன், ஆறு வருஷம் என் பெயரில் ஓடிய ஒயின் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முக்கால்மணி நேரம் வைத்துப் பார்த்தோம். தையல்காரம்மா அதுதான் சரி என்கிறாள். எனக்கு எதுவும் சொல்வதற்கில்லை.

கடை ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. மேஜையில் அங்கங்கே சுண்ணக்கோடு இருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. யாரும் பொருட்படுத்தவில்லை. நேற்று ஒரு பஸ் டிரைவர், சீருடையை வாங்க வந்தவர், வாசனை பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு கேட்டார். வியர்த்து ஊற்றுகிறது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இதை யார் தேடிப் பிடித்தது என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தையல்காரம்மாவும் பார்த்தாள்.

"என் தம்பி" என்றேன்.

உனக்காகச் சொல்லவில்லை. உண்மை அது, அதனால் சொன்னேன். இனிக் கேட்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன். இதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பெருமை அடிக்காதே.

நீ ஒப்பந்தம் போட்டது தப்பு என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. க்ரீம் ஊற்றியது அதைவிடத் தப்பு. என்னைக் கூப்பிட்டு உன் நாக்கு சரியில்லை அக்கா என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் ஆறு வருஷம் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தாயே, அது எல்லாவற்றையும்விடத் தப்பு. நான் கண்ணாடிச் சாமான் இல்லை.

சாப்பிட வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. திங்கள்கிழமை மூடியிருப்போம், மற்ற நாளில் வா. வாசல் வழியாக வந்து மற்றவர்களைப் போல நாற்காலியில் உட்கார். அடுப்புப் பக்கம் வராதே, உன் கையை எனக்குத் தெரியும். ஒயினை நீயே ஊற்று. அதை உன் அளவுக்கு இங்கே யாரும் செய்வதில்லை.

இன்று ஒரு பெண்மணி வந்திருந்தாள். நல்ல மாதிரிதான், மெல்லப் பேசினாள். எனக்காகக் காரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், குறைக்க மாட்டேன் என்றேன். கிளாஸை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அக்கா